மொட்டைக் கோபுரங்கள் கம்ப்யூட்டர் உலகிலும் உண்டு!

ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது ராஜகோபுரத்தை. 236 அடி உயரம். 13 நிலைகள். கண் கொள்ளாக் காட்சி!

ஆனால், 50 ஆண்டுகளுக்கு முன்பு போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க முடியாது. அப்போது அங்கே நின்றது மொட்டைக் கோபுரம்.

விஜயநகர மன்னர்கள் காலத்தில் அந்த வேலை தொடங்கியது. அடிப்பகுதி எழுந்தது. அதோடு நின்றுவிட்டது. சுமார் 400 ஆண்டுகள் அது தலை இல்லாமலே நின்றது.

பிறகு, அகோபில மடத்தின் 44-வது ஜீயர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். பலர் பொருள் கொடுத்தார்கள். சில நிலைகளின் செலவைத் தனித்தனி ஆட்களே ஏற்றுக்கொண்டார்கள். இசையமைப்பாளர் இளையராஜா அவர்களில் ஒருவர். 1987-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது.

தொடங்கியவர் ஒருவர். முடித்தவர் வேறொருவர். ஆனாலும் கோபுரம் ஒன்றுதான்!

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படிப்பட்ட மொட்டைக் கோபுரங்கள் பல உண்டு. அறிவாளிகள் ஆசையோடு தொடங்கி, பாதியில் விட்டுப்போன இயங்குதளங்கள் அவை. அவற்றைக் கையில் எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் திருச்சியிலிருந்து ஏன் வரக்கூடாது?

ஸ்டேஷன் மாஸ்டர் யார்?

இயங்குதளம் என்றால் என்ன?

திருச்சி ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரெயில் ஒரு பக்கம் வருகிறது. மதுரை ரெயில் இன்னொரு பக்கம் வருகிறது. சரக்கு ரெயில் வெளியே காத்து நிற்கிறது. எந்த ரெயிலுக்கு எந்தப் பிளாட்பாரம்? எதற்கு முதலில் வழி? இதை எல்லாம் ஒருவர் பார்த்துச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ரெயில்கள் மோதிக்கொள்ளும்!

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படித்தான். ஒரு பக்கம் படம் ஓடும். ஒரு பக்கம் கடிதம் அச்சாகும். ஒரு பக்கம் கணக்கு நடக்கும். யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பார்த்துக்கொள்ளும் ஸ்டேஷன் மாஸ்டர்தான் இயங்குதளம். ஆங்கிலத்தில் "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்பார்கள்.

விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. கைபேசியில் இருக்கும் ஆண்ட்ராய்டும் ஓர் இயங்குதளம்தான்.

சில கம்பெனிகள் தங்கள் இயங்குதளத்தை எப்படிச் செய்தோம் என்று வெளியே சொல்வதில்லை. அது மசாலாப் பொடியை மட்டும் விற்று, பக்குவத்தை மறைப்பது போன்றது.

வேறு சிலர் பக்குவத்தையே எழுதி ஊருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதற்குத் "திறந்த மூல மென்பொருள்" என்று பெயர். இங்கே பேச்செல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றியே.

ஏன் கைவிடுகிறார்கள்?

ஓர் இயங்குதளத்தை உருவாக்குவது பெரிய வேலை. அதைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய வேலை!

பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றுவிடுகிறது. இரவெல்லாம் கண் விழித்து எழுதிய வாலிபருக்குக் கல்யாணம் ஆகிறது; குடும்பப் பொறுப்பு வருகிறது. கம்பெனி மூடப்படுகிறது. வேலை அப்படியே நிற்கிறது.

மென்பொருள் துருப்பிடிக்காது. கரையானும் அரிக்காது. ஆனால், அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வருகிறது. புதுப் பிரிண்டர் வருகிறது. பழைய இயங்குதளத்துக்கு அவற்றோடு பேசத் தெரிவதில்லை. திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைக்கவும் ஆள் இல்லை. சில ஆண்டுகளில் அது பூட்டிய வீடு ஆகிவிடுகிறது.

"போனால் போகட்டும். புதிதாக ஒன்று வாங்கினால் போயிற்று!" என்று சிலர் சொல்லலாம்.

அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு கதையைக் கேட்க வேண்டும். தமிழ் எழுத்தைக் கைபேசியில் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

சாப்பாட்டுக் கடையில் பிறந்த அதிசயம்

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடம் என்று ஒரு பெரிய நிலையம். அங்கேதான் 1969-ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவரும் யுனிக்ஸ் என்ற புகழ்பெற்ற இயங்குதளத்துக்கு வித்திட்டார்கள்.

அதே கூடத்தில், 1980-களின் நடுவில், "இதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்து பார்ப்போம்" என்று புது முயற்சி தொடங்கியது. அதற்கு "பிளான் 9" என்று பெயர் வைத்தார்கள். உலகிலேயே மோசமான படம் என்று பெயர் வாங்கிய ஒரு ஹாலிவுட் படத்தின் தலைப்பிலிருந்து எடுத்த பெயர் அது. விளையாட்டாக வைத்த பெயர். ஆனால் செய்த வேலை விளையாட்டு அல்ல.

அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துதான் சுலபம். மற்ற மொழிகளுக்கு ஆளுக்கு ஒரு வழி. தமிழிலேயே பல வகைக் குறியீடுகள் இருந்தன. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் திரையில் புரியாத கோடுகளாகத் தெரியும்!

பிளான் 9-ஐ உருவாக்கியவர்களுக்கு எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு வழி தேவைப்பட்டது. 1992-ம் ஆண்டு. செப்டம்பர் மாத வாக்கில் ஓர் இரவு. நியூஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளை எடுத்தார் தாம்சன். அதில் ஒரு முறையை எழுதிக் காட்டினார்.

அதுதான் யூ.டி.எப்.-8!

இன்று உலகின் மிகப் பெரும்பாலான இணையப் பக்கங்கள் இந்த முறையில்தான் எழுதப்படுகின்றன. இந்த முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆக மொத்தம் 15 பைட்.

பேத்தி சிங்கப்பூரிலிருந்து "பாட்டி, சௌக்கியமா?" என்று கைபேசியில் எழுதுகிறாள். உறையூரில் இருக்கும் பாட்டி அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அந்த எழுத்துக்கள் சிதையாமல் வந்து சேரும் வழி பிளான் 9-க்காகப் பிறந்த வழி!

அந்த பிளான் 9 என்ன ஆயிற்று?

சந்தையில் அது வெற்றி பெறவில்லை. 2002-ல் நான்காவது பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு பெல் கூடத்திலிருந்து புதுப் பதிப்பு வரவில்லை. ஆனால், அதன் மூலம் 2000-லேயே வெளியிடப்பட்டிருந்தது. ஆகவே ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2011-ல் ஒரு குழு "9 பிரண்ட்" என்று தனியாகவே நடத்தத் தொடங்கியது. 2021 மார்ச்சில், பெல் கூடத்தின் உரிமையாளரான நோக்கியா கம்பெனி, அதன் உரிமையை பிளான் 9 அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

கைவிட்ட தோட்டத்தில்தான் அந்த விதை முளைத்தது. தோட்டத்தை அழித்துவிட்டால், அடுத்த விதைக்கு எங்கே போவது?

பேராசிரியரின் பாட நூல்

இன்னொரு கதை ஹாலந்து நாட்டுக் கதை.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் இருந்தார். மாணவர்களுக்கு இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட விரும்பினார். 1987-ல் "மினிக்ஸ்" என்ற சிறிய இயங்குதளத்தை எழுதினார். புத்தகமும் போட்டார்.

பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அந்த மினிக்ஸைத் தன் கம்ப்யூட்டரில் வைத்துப் பழகினார். 1991-ல் தாமே ஒன்றை எழுதினார். அதுதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளம் இன்று அதுவே!

மினிக்ஸ் இன்னொரு அதிசயத்தையும் செய்தது. இன்டெல் கம்பெனி தன் சில்லுகளுக்குள்ளேயே மினிக்ஸை ஒளித்து வைத்திருந்தது 2017-ல் வெளியே தெரிந்தது. பேராசிரியருக்கே அதற்குமுன் அது தெரியாது! லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களின் வயிற்றுக்குள் அவர் எழுதிய மென்பொருளின் வழிவந்தது ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால், 2014-ல் பேராசிரியர் ஓய்வு பெற்றார். மினிக்ஸின் கடைசி நிலையான பதிப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பிறகு வேலை மெல்ல ஓய்ந்தது.

உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் பராமரிக்க ஆள் இல்லை! ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு வரும் கதிதான் இது. தண்ணீர் எடுக்க ஊரே வரும். தூர் வார யாரும் வரமாட்டார்கள்.

மூடிய கம்பெனி, மூடாத ஆர்வம்

தூர் வார வந்தவர்களும் உண்டு. அவர்கள் கதையையும் சொல்ல வேண்டும்.

பி.ஓ.எஸ். என்று ஓர் இயங்குதளம் இருந்தது. படமும் பாட்டும் தடங்கல் இல்லாமல் ஓடும் என்று பெயர் எடுத்தது. அதைச் செய்த கம்பெனி 2001-ல் கடையைக் கட்டியது. சொத்து, பாம் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. பக்குவம் வெளியே வரவில்லை.

ஆனால், அதை நேசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே 2001-ல், "முதலிலிருந்து நாமே எழுதுவோம்" என்று கிளம்பினார்கள். வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள். பகலில் வேறு வேலை. இரவில் இந்த வேலை. அந்த முயற்சிக்கு 2004-ல் "ஹைக்கூ" என்று பெயர் சூட்டினார்கள்.

முதல் சோதனைப் பதிப்பு வர 8 ஆண்டுகள் ஆயின. 2009-ல் வந்தது. முதல் பீட்டா பதிப்பு 2018-ல் வந்தது. ஐந்தாவது பீட்டா 2024-ல் வந்தது. சிறு நன்கொடைகளைச் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் 2021-ல் நிரல் எழுதும் ஒருவரைச் சம்பளத்துக்கே அமர்த்தினார்கள்.

20 ஆண்டுகளுக்கு மேல் பொறுமை! ஒருவர் களைத்தால் இன்னொருவர் தோள் கொடுத்தார். இந்தப் பொறுமைதான் மொட்டைக் கோபுரத்துக்குத் தலை வைக்கிறது.

பரண் மேல் லேப்டாப்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை. நமக்கு என்ன என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது. பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ் லினக்ஸ், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம். 2007-ல் வெளிவந்தது. தமிழிலும் வேலை செய்யும்.

அந்த லேப்டாப்கள் இப்போது எங்கே? பல வீடுகளில் பரண் மேல். சில வீடுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. "மெதுவாக ஓடுகிறது" என்பதே அதன் மேல் சொல்லும் குற்றம்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான இலவசப் பராமரிப்பு முடிந்தது. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அதனால் ஒதுக்கப்படுகின்றன. பொருள் கெடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்தான் ஓய்வு பெற்றார். அதற்காக ஸ்டேஷனையே இடிக்கலாமா?

சிறிய, எளிய இயங்குதளங்களுக்குப் பழைய இயந்திரமே போதும். வீட்டு வேலைக்கு, பராமரிப்பு உள்ள ஒரு லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். சோதனை இயங்குதளங்களைப் படிக்கும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை! பராமரிப்பு இல்லாத இயங்குதளத்தில் பாங்கு வேலை பார்க்கக்கூடாது. குடும்பப் படங்கள் உள்ள கம்ப்யூட்டரில் சோதனை நடத்தவும் கூடாது. முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டும். பழகுவதற்கு இருப்பது பழகுவதற்கு மட்டுமே.

"இதனால் வேலை கிடைக்குமா?"

பிள்ளையைக் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தகப்பனார் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார். கேட்பது நியாயம்.

இன்று கடைசி ஆண்டு மாணவர்கள் "புராஜெக்ட்" செய்ய வேண்டும். பல ஊர்களில் ரெடிமேட் புராஜெக்ட் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தால் அட்டை போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாணவர் அதை ஒப்புவிக்கிறார். மதிப்பெண் வாங்குகிறார். அடுத்த மாதம் அது தூசி படிகிறது.

வேலைக்குப் போகும் இடத்தில், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

இன்னொரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். யாரோ எழுதி விட்டுப்போன இயங்குதளத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறது. மூன்று மாதம் போராடித் திருத்துகிறது. அந்தத் திருத்தத்தில் அதன் பெயர் இருக்கிறது. உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா?

பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்து திருத்துவதுதான் மென்பொருள் கம்பெனிகளில் பெரும்பாலும் நடக்கும் வேலை. புதுப் பாத்திரம் செய்கிறவரைவிட, பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெரிந்தவருக்கே அங்கே தேவை அதிகம்.

இந்த வேலைக்குச் சன்மானம் கொடுக்கும் திட்டமும் உண்டு. கூகுள் கம்பெனி 2005 முதல் கோடைகாலத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. திறந்த மூல வேலை செய்யும் புதியவர்களுக்கு அதில் பணம் கிடைக்கும். ஹைக்கூ 2007 முதல் அதில் பங்கு பெற்றது. இந்திய மாணவர்கள் பலர் அந்தத் திட்டத்தில் தேர்வு பெற்றிருக்கிறார்கள்.

நாட்டுக்கும் இதில் லாபம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் "சக்தி" என்ற சில்லை வடிவமைத்திருக்கிறார்கள். சொந்தச் சில்லு இருந்தால் போதுமா? அதை இயக்கும் கலை தெரிந்தவர்கள் வேண்டாமா? சிறிய இயங்குதளங்களே அந்தக் கலையின் பள்ளிக்கூடம். அடுப்பு மூட்டத் தெரியாதவர்கள் காலம் முழுவதும் ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும்!

கல்லூரிக்கு ஒன்று

கல்விக்குப் பெயர்போன ஊர் திருச்சி. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் தோன்றியது. அப்துல் கலாம் அங்கே படித்தார். எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தார். 1964-ல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி இன்று என்.ஐ.டி.யாக இருக்கிறது. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை.

ஒவ்வொரு கல்லூரியும் கைவிடப்பட்ட ஓர் இயங்குதளத்தைத் தத்து எடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு மினிக்ஸ். இன்னொன்றுக்கு பிளான் 9. முதல் ஆண்டு மாணவர் படிக்கட்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு பிழையைத் திருத்தட்டும். கடைசி ஆண்டில், செய்ததை எழுதி வைத்து அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். புராஜெக்ட் ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்து ஆண்டுதோறும் சாக வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்கள் இதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். "புதிதாகச் செய்தால்தான் புராஜெக்ட்" என்ற விதி இருந்தால், அதை மாற்ற வேண்டும். பழுது பார்ப்பதும் படிப்புதான்!

அரசாங்கமும் சிறு தொகை ஒதுக்கலாம். பெரிய கட்டடம் வேண்டாம். சில பழைய கம்ப்யூட்டர்கள், வழிகாட்ட ஓர் ஆசிரியர், சில மாணவர்களுக்கு உதவிப்பணம். அதுவே போதும்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. "கோப்பைச் சேமிக்கவா? அழிக்கவா?" என்று திரையில் வரும் சொற்களை நல்ல தமிழில் எழுத வேண்டும். தமிழாசிரியர்கள் அதைச் செய்யலாம். படித்த இல்லத்தரசிகள் செய்யலாம். சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி எளிய தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர். அந்த வழி திறந்தே இருக்கிறது.

உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தில் வெட்டியது. திருச்சிக்குள்ளே இன்றும் ஓடுகிறது. வெட்டியவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. தண்ணீர் ஏன் இன்னும் ஓடுகிறது? தலைமுறைக்குத் தலைமுறை யாரோ மண் வாரியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். தண்ணீர் வருவதற்கு முன்னே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும்.

கம்ப்யூட்டர் உலகுக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும்.

ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும். புதிய மாணவர்கள் வருவார்கள். "எந்தக் கடையில் புராஜெக்ட் வாங்கலாம்?" என்று அவர்களைத் தேடவிடாதீர்கள். பாதியில் நின்ற ஒரு நல்ல வேலையை அவர்கள் கையில் கொடுங்கள்!